குணா குகைக்கு வண்டி ஓட்டுகிறவனின் திறந்த மடல்

திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர், கொடைக்கானல் வனக்கோட்டத்து அதிகாரிகள், நகராட்சி, போக்குவரத்துக் காவல், சுற்றுலாத் துறை எல்லாருக்கும்,

வணக்கம். இத்தனை பேருக்கும் ஒரே கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. குணா குகை வாசலில் நின்று பார்த்தால் காடு ஒருவர் பொறுப்பு, சாலை இன்னொருவர் பொறுப்பு, சாலையில் நிற்கும் வண்டியை நகர்த்துவது மூன்றாமவர் வேலை, வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பை நான்காமவர் தலையில். ஆனால் சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வந்து அங்கே மாட்டிக்கொள்கிறவனுக்கு அது ஒரே இடம். அதனால் ஒரே கடிதம்.

நான் கொடைக்கானல்காரன். இருபது வருடத்துக்கு மேலாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். காலையில் ஏரிக்கரையில் பார்ட்டியை ஏற்றிக்கொண்டு தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட் என்று ‘12 மைல் ரவுண்டு’ அடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் கொண்டுவந்து விடுவதுதான் பிழைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் சொல்லப்போகும் யோசனையில் என்னைப் போன்ற உள்ளூர் வண்டிக்காரர்களுக்கு லாபம் இருக்கிறது. படித்துவிட்டு ‘இவன் தன் வயிற்றுக்காகப் பேசுகிறான்’ என்று நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன். வயிற்றுக்காகவும்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டத்தை வளர்த்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் அப்பா காலத்தில் அந்த இடத்துக்குப் பெயர் டெவில்ஸ் கிச்சன். 1821இல் பழனி மலையை அளக்க வந்த வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி கண்டுபிடித்தார் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அதற்கு முன்னால் அந்தக் காட்டில் இருந்த பளியர் பழங்குடிகளுக்கு அது தெரியாதா என்று யாரும் கேட்டதில்லை. 1991இல் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ வந்தது, அந்தக் குகைக்குள்ளேயே எடுத்தார்கள். படம் ஓடியதோ இல்லையோ, பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வண்டிக்காரர்கள் நாங்கள் எங்கள் பங்குக்குக் கதை கட்டினோம். குகைக்குள் இருக்கும் குழி எத்தனை அடி ஆழம் என்று பார்ட்டி கேட்டால், அவர்கள் முகத்தில் தெரியும் ஆர்வத்தைப் பார்த்து அடியைக் கூட்டிக் குறைத்துச் சொல்வேன். 2024இல் இந்தக் குகையை வைத்து எடுத்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம் வந்த பிறகு இன்னும் ஒரு படி மேலே போனேன். தூண் பாறை தாண்டி வளைவில் திரும்பும்போது சரியாக அதில் வருகிற ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’ பாட்டைப் போட்டுவிடுவேன். வண்டியே அமைதியாகிவிடும், சில பேர் கண்ணைத் துடைப்பார்கள். டிப்ஸ் நன்றாக வந்தது. அந்த மூன்று மாதத்தில் வண்டிக்கு நான்கு டயரும் மாற்றினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024 பிப்ரவரி 22 அன்று வெளியானது. 2006இல் எர்ணாகுளம் பக்கமிருந்து வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் அந்தக் குழிக்குள் விழுந்ததும், கூட வந்தவர்களில் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மேலே கொண்டுவந்ததும் உண்மைக் கதை. இறங்கியவருக்கு மத்திய அரசு ஜீவன் ரக்ஷா பதக்கம் கொடுத்தது. படம் உலகம் முழுக்க 200 கோடிக்கு மேல் வசூலித்தது, மலையாளத்தில் அந்த எல்லையைத் தொட்ட முதல் படம். தமிழ்நாட்டில் ஒரு மலையாளப் படத்துக்கு இத்தனை கூட்டம் என்று எல்லாரும் அதிசயப்பட்டார்கள். எங்களுக்கு அதிசயமெல்லாம் இல்லை. தியேட்டரில் படம் விட்ட அடுத்த சனிக்கிழமையே எங்கள் சாலையில் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் இங்கே சீசன் கிடையாது. பரீட்சை நேரம். குடும்பங்கள் வராது. வண்டிக்காரர்கள் சீட்டாடுகிற மாதம் அது. அந்த வருடம் மார்ச்சிலேயே மே மாதக் கூட்டம். மே மாதம் குடும்பமாக வருகிறவர்கள் ஏரி, படகு, பிரையண்ட் பூங்கா, குதிரை, சாக்லேட் என்று ஊர் முழுக்கப் பரவிப் போவார்கள். மார்ச்சில் வந்தவர்கள் பெரும்பாலும் வாலிபப் பிள்ளைகள், அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு இடம். ஏரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘அண்ணே, நேரா குகைக்குப் போங்க.’ இரும்பு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு வீடியோ, வேர்களின் மேல் உட்கார்ந்து ஒரு போட்டோ, அப்புறம் திரும்பிவிடலாம். தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இறங்கிய இளைஞர்கள் மூன்று பேரை அப்போது வனத்துறை கைதும் செய்தது. அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? அந்தக் கூட்டத்தில் யாரும் மலையைப் பார்க்க வரவில்லை. ஒரு கதைக்குள் ஒரு காலை வைத்துப் பார்க்க வந்தார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் போடுகிற வேலி எல்லாம் தாண்டுவதற்கு வசதியான வேலியாகத்தான் இருக்கும்.

இதில் சிரிப்பு என்னவென்றால், அந்தப் பிள்ளைகள் பார்த்த குழி இங்கே இல்லவே இல்லை. படத்தில் அவர்களை மூச்சடைக்க வைத்த குகையின் உட்புறம் கேரளத்துப் பெரும்பாவூரில் போட்ட செட். பாறை, பாசி, ஈரம் எல்லாம் கலை இயக்குநரின் கைவண்ணம். நிஜக் குகை ஆபத்தானது என்பதால்தான் அவர்கள் செட் போட்டார்கள். அதை நம்பி ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவன் நிஜக் குகையின் வேலிக்கு முன்னால் நின்று ‘இவ்ளோதானா அண்ணே’ என்று கேட்கிறான். எத்தனை பேர் என்னிடம் அப்படிக் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. அங்கே ஒரு பலகையில் இந்த ஒரு விஷயத்தை எழுதி வைக்கலாமே. ‘நீங்கள் படத்தில் பார்த்த குழி ஒரு செட். நிஜக் குழியில் விழுந்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை.’ தமிழிலும் மலையாளத்திலும். ‘உள்ளே நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ என்று எழுதிய பலகையைவிட இது அதிகம் வேலை செய்யும் என்பது இருபது வருடமாகப் பார்ட்டிகளின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து வண்டி ஓட்டுகிறவனின் கருத்து.

இ-பாஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. முதல் வருடம் யார் கேட்டாலும் கிடைத்தது, எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் எங்கள் ஊரில் அதை ‘வருகைப் பதிவேடு’ என்றுதான் கிண்டல் செய்வோம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் நீதிமன்றம் எண்ணிக்கையும் வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் விலக்கு. வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை, நீலகிரியில் கடையடைப்பே நடந்தது. நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கார் நிற்க 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 காரை வரிசையாக முட்ட முட்ட நிறுத்தினால் 30 கிலோமீட்டர். எங்கள் ஏரியைச் சுற்றி வரும் சாலை கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். ஏரியை ஆறு சுற்றுச் சுற்றிவிடும். காருக்கு நான்கு பேர் என்றால் 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 36,501. அதாவது ஒரு சனிக்கிழமை காலையில் ஊருக்குள் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு ஊர் வந்து இறங்குகிறது, அதுவும் பேருந்தில் வருகிறவர்களைச் சேர்க்காமல்.

இது மொத்த மலைக்கான கணக்கு. என் புகார் அதுவல்ல. இந்த 6,000 வண்டியும் மலை முழுக்கச் சமமாகப் பரவிவிடுவதில்லை. அதில் பெரும்பாலானவை காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் ஒரே ரவுண்டில், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலமுள்ள அதே காட்டுச் சாலையில் வந்து சேர்கின்றன. மலையடிவாரத்தில் வண்டியை எண்ணுகிறீர்கள். எண்ண வேண்டிய இடம் குகை வாசல். அடிவாரத்தில் 6,000 என்பதை 5,000 ஆக்கினாலும், அந்த ஐயாயிரமும் பத்தரை மணிக்குத் தூண் பாறையில் நிற்கப் போகிறது என்றால் என்ன மாறிவிடும்?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 2024 மே, ஞாயிற்றுக்கிழமை. என் வண்டியில் மதுரையிலிருந்து வந்த குடும்பம், கூட ஒரு பெரியவர். பைன் காட்டுக்குப் பக்கத்தில் வரிசை நின்றுவிட்டது. முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் போக முடியாது, இரண்டு பக்கமும் இறங்கிப் போனவர்கள் ஓரமாக நிறுத்திய கார்கள். பெரியவருக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். சாதாரண நாளில் அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு இருபத்தைந்து நிமிடம். அன்றைக்கு ஒன்றேகால் மணி நேரம். அவர் மகன் இறங்கி முன்னால் ஓடி ஒவ்வொரு காராகத் தட்டிக் கும்பிட்டு ஒதுங்கச் சொன்னார். ஒதுங்க மனசு இருந்தவர்களுக்கும் இடம் இல்லை. நல்ல வேளை, வாயுப் பிடிப்புதான் என்று டாக்டர் சொன்னார். பெரியவர் என்னிடம், ‘தம்பி, பைன் மரத்தை நல்லா பார்த்துட்டேன்ப்பா’ என்றார். சிரித்தோம். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே பெரிய சிக்கல் என்றால் தேனிக்கோ மதுரைக்கோதான் இறக்க வேண்டும், அதற்கும் இதே மாதிரி ஒரு வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இதற்கு வழி தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் மலையிலேயே, அதே சாலையின் தொடர்ச்சியிலேயே இருக்கிறது. பேரிஜம் ஏரி.

பேரிஜத்துக்கு நினைத்தவுடன் யாரும் போய்விட முடியாது. வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான், இந்த நேரத்துக்குள் போய் இந்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், யானை வந்து தங்கிவிட்டால் அத்தனையும் ரத்து. எத்தனையோ வருடமாக இப்படித்தான் நடக்கிறது. பார்ட்டிகள் திட்டுவார்கள். ‘காசு கொடுக்கிறோம், என்ன அனுமதி’ என்பார்கள். அனுமதி கிடைத்து உள்ளே போய்விட்டு வந்தவர்கள் ஒருவர்கூட இதுவரை என்னிடம் திட்டியதில்லை. சத்தம் இல்லாத தண்ணீரை அவர்கள் அங்கேதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். ‘கொடைக்கானல்லயே இதுதாண்ணே பெஸ்ட்’ என்று இறங்கும்போது சொல்வார்கள். பெஸ்டாக இருப்பதற்குக் காரணமே அந்தக் கட்டுப்பாடுதான் என்பது அவர்களுக்குத் தோன்றாது, தோன்றவும் வேண்டாம்.

ஒரே காடு, பேரிஜத்துக்கு ஒரு விதி, 12 மைல் ரவுண்டுக்கு இன்னொரு விதி. ஏன்? பேரிஜத்தில் யானை இருக்கிறது, இங்கே இல்லை என்பது ஒரு பதில். இங்கே இருப்பது சோலைக் காட்டின் மிச்சம். அதற்குத் தந்தமும் இல்லை, பிளிறலும் இல்லை.

குகை வாசலில் வேர்கள் பின்னிக் கிடக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் கொடைக்கானலின் முகமே அந்த வேர்தான், போட்டோக்களில் ஏரியைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அந்த வேர் வெளியே தெரிவது அழகுக்காக அல்ல. மேலே இருந்த மண் போய்விட்டதால் தெரிகிறது. மழை கொஞ்சம் கொண்டுபோனது, கால்கள் மிச்சத்தைக் கொண்டுபோகின்றன. சோலை மரம் மெதுவாக வளர்கிற மரம், இலைமக்கு நிறைந்த பொதபொதவென்ற மண்ணில், நிழலில், ஈரத்தில் முளைக்கிறது. மிதிபட்டுச் சிமெண்ட் மாதிரி இறுகிய தரையில் விதை விழுந்தால் காய்ந்து போகும். இப்போது நிற்கிற மரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர வேண்டிய கன்று எங்கே இருக்கிறது? நீங்களே போய்த் தேடிப் பாருங்கள், கூட்டம் நிற்கும் பரப்பில் ஒரு முழக் கன்றுகூட எனக்குக் கண்ணில் படவில்லை. பைன் காட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நடக்கட்டும், அது வெள்ளைக்காரன் ஆரம்பித்து நாம் தொடர்ந்த தோட்டம். சோலை அப்படி அல்ல. மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிற பஞ்சு அது. கோடையில் எங்கள் குழாயில் தண்ணீர் வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். சீசன் மாதங்களிலும், நீண்ட விடுமுறைகளிலும், ஏதாவது படம் வந்து கூட்டம் திடீரென்று பொங்கும் வாரங்களிலும் 12 மைல் ரவுண்டுக்குள் சொந்தக் கார் போகக் கூடாது. ஊருக்குள் வரலாம், தங்கலாம். ரவுண்டுக்கு மட்டும் சிற்றுந்தில் அல்லது உள்ளூர் வண்டியில் போகட்டும், இத்தனை மணிக்கு உங்கள் முறை என்று நேரம் போட்டு. குகை வாசலில் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று எண்ணி விடட்டும், வேர்களின் மேல் கால் படாமல் மரப்பாதை போடட்டும்.

பார்க்கிங்குக்கு எங்கே போவது என்று உடனே கேட்பீர்கள். எல்லாக் கூட்டத்திலும் கேட்கப்படுகிற கேள்வி அது, கேட்டவுடன் எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பதில் கண் முன்னால் இருக்கிறது. அறை எடுத்துத் தங்குகிறவர்களின் கார் ராத்திரி எங்கே நிற்கிறது? விடுதியில்தானே? பகலிலும் அங்கேயே நிற்கட்டும். புது இடம் ஒரு சென்ட்கூட வேண்டாம். காலையில் வந்து சாயங்காலம் இறங்குகிறவர்கள்தான் மிச்சம். அவர்களுக்கு மட்டும் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், பழனிப் பாதையும் வத்தலக்குண்டுப் பாதையும் சேர்கிற பெருமாள்மலை பக்கம் இடம் பார்க்கலாம், அல்லது அடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறச் சொல்லலாம். தயவுசெய்து பார்க்கிங்குக்காக மரம் வெட்டாதீர்கள். அதற்கு இந்தக் கடிதமே தேவையில்லை.

எத்தனை பேர் தங்குகிறார்கள், எத்தனை பேர் அன்றே திரும்புகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்றால், உங்களிடம்தான் இருக்கிறது. என்ன வண்டி, எத்தனை பேர், ஒரு நாளா தங்கலா என்ற விவரங்களை வாங்கச் சொல்லித்தானே நீதிமன்றம் இ-பாஸையே கொண்டுவந்தது. அந்தக் கணக்கை மாதா மாதம் எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள். அதே படிவத்தில் ‘ரவுண்டுக்கு எந்த நாள், எந்த நேரம்’ என்று இன்னும் ஒரு கேள்வியைச் சேருங்கள். மலை எவ்வளவு தாங்கும் என்று ஐஐடியும் ஐஐஎம்மும் ஆராயட்டும், நல்லது. ஆனால் ஒரு இரும்பு வேலிக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கு ஆராய்ச்சி முடியும் வரை காத்திருக்க வேண்டுமா?

‘அப்போ ஏழைக்கு மலை கிடையாதா’ என்று ஒரு குரல் வரும். இந்தக் குரலை நான் மதிக்கிறேன், நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். ஆனால் ஏழை எதில் வருகிறார்? பேருந்தில். வத்தலக்குண்டில் ஏறி, ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டு, பாதி வழியில் பிள்ளை வாந்தி எடுத்து, ஒரு வழியாக வந்து சேர்கிறவர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ரவுண்டு போக வண்டி வாடகையைக் கேட்டு மலைத்துப்போய் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். என் வாடகையும் அதில் ஒன்று. தலைக்கு இவ்வளவு என்று சிற்றுந்து விட்டால் முதன்முதலாக அவருக்கும் தூண் பாறை கிடைக்கும். எனக்கு ஒரு பார்ட்டி குறையும். குறையட்டும், ஒரே வரிசையில் மூன்று மணி நேரம் டீசல் எரிப்பதைவிட நான்கு நடை போய்வருவதில் எனக்கு மிச்சம்தான். கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன். கேரட், மாங்காய்க் கீற்று, சோளக்கதிர் விற்கிறவர்களே, வரிசையில் மாட்டிக்கொண்டு எரிச்சலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் உங்களிடம் என்ன வாங்கினான்? நேரம் போட்டு வந்து இறங்கி நிற்கிறவன்தான் வாங்குவான்.

தாய்லாந்தில் மாயா பே என்று ஒரு கடற்கரை. 2000இல் வெளியான ஒரு ஹாலிவுட் படம் அங்கே எடுக்கப்பட்டது. அப்புறம் ஒரு நாளைக்கு 5,000 பேர் வரைக்கும் போய்க் குவிந்து பவளப்பாறையெல்லாம் சிதைந்தது. 2018 ஜூனில் மூடினார்கள், நான்கு மாதம் என்று ஆரம்பித்தது மூன்றரை வருடமாகி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு அந்தக் குடாவுக்குள் வரக் கூடாது, தீவின் பின்பக்கம் இறக்கிவிட்டு நடந்து வர வேண்டும், ஒரு சுற்றுக்கு 375 பேர், வருடத்தில் இரண்டு மாதம் மூடல். மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் திரும்பி வந்துவிட்டன. இதைச் சொல்வது மூடச் சொல்வதற்காக அல்ல. அவர்கள் 18 வருடம் கழித்துச் செய்ததை நாம் முன்னாலேயே செய்தால் மூடாமலே தப்பிக்கலாம்.

நீங்கள் செய்துவிடுவீர்களோ என்று நான் பயப்படுகிற வேலை ஒன்றும் இருக்கிறது. ‘கூட்டத்தைப் பிரித்துவிடுகிறோம்’ என்று மேடைகளில் பேசுவது காதில் விழுகிறது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று புதுப்புது இடங்களுக்கு விளம்பரம் செய்து அனுப்பிவிட்டால் குணா குகை காலியாகிவிடும் என்ற எண்ணம். ஆகாது. குணா குகையைப் பார்க்க வந்தவன் குணா குகையைப் பார்த்துவிட்டு பூம்பாறைக்கும் போவான், அவ்வளவுதான். பூம்பாறை விவசாயி அறுத்த பூண்டை ஏற்றிக்கொண்டு போகிற சாலையில் செல்ஃபிக்கு நிற்கிற கார்களை அனுப்புவதற்குப் பெயர் கூட்டத்தைக் குறைப்பதல்ல. புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு சார் அது. வட்டக்கானலில் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? ஒரு குக்கிராமம், நடந்து போகிற பாதை, இப்போது அங்கேயும் காரைத் திருப்ப இடம் இல்லை. ஒரு இடத்துக் கூட்டத்துக்கு அந்த இடத்தில்தான் வைத்தியம்.

பிளாஸ்டிக் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, 5 லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்குத் தடை, மீறினால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நல்ல சட்டம். ஆனால் ரவுண்டு முழுக்கக் குழாயில் குடிதண்ணீர் கிடைக்கிற இடம் எங்கெங்கே என்று பார்ட்டி கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? அதைச் சரிசெய்தால் பாதி பாட்டில் தானாக நின்றுவிடும். கழிப்பறையும் அதே கதை. பெண்களை ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற எந்த வண்டிக்காரனையும் கேளுங்கள்.

அந்தக் கதையை ஒழுங்காகச் சொல்ல ஆள் வையுங்கள் என்பது என் கடைசி வேண்டுகோள். நான் அடியைக் கூட்டிச் சொன்ன கதை வேண்டாம். 2006இல் என்ன நடந்தது, அதற்கு முன்னால் விழுந்தவர்கள் என்ன ஆனார்கள், தூண் மாதிரி நிற்கிற இந்தப் பாறைகளுக்கு நடுவே இப்படி இடுக்குகள் எப்படி வந்தன, இந்த வேர் எந்த மரத்தினுடையது, இங்கே முன்னால் யார் இருந்தார்கள். பளியர் வீட்டுப் பிள்ளைகளும் நம் ஊர்ப் பிள்ளைகளும் படித்துவிட்டு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுத்து அந்த வாசலில் நிறுத்துங்கள். நுழைவுக் கட்டணத்திலேயே கொடுக்கலாம். ஒரு ஆள் பத்து நிமிடம் கதை சொன்னால் கேட்டு நிற்கிற இருபது பேர் வேலியைத் தாண்ட மாட்டார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் வண்டிக்குள் கதை சொல்லும்போது ஒருவன்கூட ஜன்னலுக்கு வெளியே குப்பை போட்டதில்லை, கதை முடிந்த பிறகுதான் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்.

அடுத்த படம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். எந்தப் படம் எங்கே எடுக்கிறார்கள் என்பது உங்களிடம் அனுமதி வாங்கும்போதே தெரிகிறது, வெளியாகும் தேதி ஊருக்கே தெரிகிறது. 2024இல் தியேட்டர் கூட்டம் ஓய்வதற்குள் மே முதல் வாரத்தில் ஓடிடியில் வந்தது, அந்த இரண்டாவது அலைக்கு இரண்டரை மாதம் நேரம் இருந்தது. படத்தையாவது விடுங்கள், குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030. நாள் குறித்து ஓலை அனுப்பிவிட்டு வருகிற கூட்டம் அது. அன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கும், பூ மலைச் சரிவில் இருக்கும், சரிவுக்கு வேலி கிடையாது.

ஒரு அழைப்போடு முடித்துக்கொள்கிறேன். வருகிற மே மாதம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, ஏரிக்கரைக்கு வாருங்கள். சைரன் வேண்டாம், முன்னால் போகும் ஜீப் வேண்டாம், மஞ்சள் போர்டு போட்ட என் வண்டியில் பார்ட்டியாக உட்காருங்கள். ஏரியிலிருந்து குணா குகை வரை போய்த் திரும்புவோம், வாடகை வேண்டாம். பாட்டும் போட மாட்டேன். காலையில் தண்ணீர் அதிகம் குடிக்காதீர்கள், சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், மதியத்துக்குள் திரும்ப முடியாது.

இப்படிக்கு,
ஏரிக்கரை ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற ஒருவன்,
கொடைக்கானல்